மிச்ச மருந்தைத் தானம் கொடுத்தால் கேஸ் வருமா?

கேள்வி: மாமனார் காலமாகிவிட்டார். சீல் உடைக்காத எலிக்விஸ் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) இரண்டு பாட்டில் இருக்கிறது. தானம் கொடுத்து, சாப்பிட்டவருக்கு ஏதாவது ஆனால் நான் மாட்டிக்கொள்வேனா? (வாசகி, சான் ஹொசே)

பதில்: கேஸ் இருக்கட்டும், உங்களுக்கு முதல் தடையே வேறு. கலிபோர்னியாவில் கவுன்ட்டிகள் (மாவட்டங்கள்) நடத்தும் மருந்துத் தானத் திட்டத்தில் நோயாளி கையில் இருந்த மருந்தை வாங்க மாட்டார்கள். முதியோர் இல்லம், பார்மசி, தயாரிப்பாளர் போன்றோர்தான் கொடுக்கலாம். ஐயோவா மாநிலத்தின் மருந்துத் தான அமைப்பான சேஃப்நெட்ஆர்எக்ஸ், தனிநபர் தபாலில் அனுப்பினாலும் ஏற்கிறது. விதிப்படி, நல்லெண்ணத்தோடு கொடுத்தவருக்கு அந்த மாநிலச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. லேபிளில் மாமனார் பெயரை மார்க்கரால் அழித்துவிடுங்கள். காலாவதித் தேதி மட்டும் மறையக்கூடாது.

கேள்வி: இலவச கிளினிக்கில் தானமாக வந்த மருந்தைக் கொடுக்கும் பார்மசிஸ்ட் நான். எனக்கு எவ்வளவு பாதுகாப்பு? (சேக்ரமென்டோ)

பதில்: நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. கலிபோர்னியா சுகாதாரச் சட்டத்தின் 150205-ஆம் பிரிவு சிவில், கிரிமினல் பொறுப்பு இரண்டிலிருந்தும் விலக்கு தருகிறது. அடுத்த பிரிவையும் படியுங்கள்: விதியை மீறினாலோ, கெட்ட எண்ணமோ பெரும் அலட்சியமோ இருந்தாலோ அந்த விலக்கு போய்விடும். 150207 இன்னும் கறார். உங்கள் லைசென்ஸ் மீது பார்மசி போர்டு (லைசென்ஸ் தரும் மாநில வாரியம்) எடுக்கும் நடவடிக்கையை இந்த விலக்கு தடுக்காது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கோர்ட்டில் தப்பியவர் போர்டு முன்னால் நிற்க வேண்டி வரலாம். அதனால் சீல் சந்தேகமாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். எது, எங்கிருந்து, என்றைக்கு வந்தது என்ற பதிவேட்டை அன்றன்றைக்கே எழுதுங்கள். பிறகு உட்கார்ந்து நிரப்பிய பதிவேடு வக்கீல் கண்ணுக்குத் தப்பாது.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பின் மிஞ்சிய ஆக்ஸிகோடோன் (கடுமையான வலி மாத்திரை) தானம் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அது அமெரிக்க மத்திய அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. இன்னொருவருக்குக் கொடுப்பதே குற்றம், மாநிலத்தின் தானச் சட்டம் காப்பாற்றாது. மருந்துகளைத் திரும்பப் பெற அனுமதி பெற்ற பார்மசியின் பெட்டியில் போடுங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ்ச் சங்கம் உணவு சேகரித்துக் கொடுக்கிறது. அதே மேசையில் மாத்திரைகளும் வாங்கலாமா?

பதில்: உங்களைக் காக்கும் 1996-ஆம் ஆண்டு பில் எமர்சன் சட்டம் உணவுக்கும் மளிகைப் பொருளுக்கும்தான், டாக்டர் சீட்டு மருந்துக்கு இல்லை. யாராவது பையில் போட்டுக் கொண்டுவந்தால் கை நீட்டாதீர்கள். உங்கள் மாநிலத்தில் அனுமதி பெற்ற தான மருந்தகம் இருந்தால், அதன் விலாசத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.