பல்லுக்குச் சேர்த்த பணமும் தம்பியின் அவசரமும்

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் பிரிட்ஜ் கட்ட என் ஒரு மாதச் சம்பளம் ஆகும். இரண்டு முறை பணம் சேர்த்தேன். இரண்டு முறையும் தம்பியின் அவசரத்துக்குக் கொடுத்துவிட்டேன். மொத்தம் ஒன்றரை மாதச் சம்பளம், இன்னும் திரும்பவில்லை. இப்போது பக்கத்துப் பல் சாய்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். கிளினிக்கில் 12 மாத வட்டியில்லாத் தவணை உண்டு. பரிசீலனைக் கட்டணம் 2 சதவீதம். ரொக்கமாகக் கட்டினால் 8 சதவீதம் தள்ளுபடி. தவணையில் போகலாமா? இல்லை, இம்ப்ளான்ட்டே வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: உங்கள் கேள்வி தவணையைப் பற்றியது. ஆனால் உங்கள் கணக்கில் ஓட்டை இருப்பது தம்பி பக்கம். அவருக்குப் போன பணத்தில் பிரிட்ஜ் கட்டி முடித்து, அரை மாதச் சம்பளம் மிச்சமும் இருந்திருக்கும்.

அந்தக் கைமாற்றுக்கு வட்டியும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள்: தள்ளிப்போனதில் சாய்ந்த பல் செலவைக் கூட்டலாம். பிரிட்ஜ் என்பது இருபக்கப் பற்களையும் ராவி, கேப் போட்டு, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்க வைப்பது. இரண்டு கேப், ஒரு பொய்ப்பல் என ஒரு பல்லுக்கு மூன்று யூனிட். தாங்கும் பல் சாய்ந்திருந்தால் கூடுதலாக ராவ நேரிடும். சில சமயம் வேர் சிகிச்சையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பழைய மதிப்பீட்டை நம்ப வேண்டாம். எத்தனை யூனிட், என்ன பொருள், வேர் சிகிச்சை சேர்த்தியா தனியா என்று புதிதாக எழுதி வாங்குங்கள்.

இனி அந்த ‘வட்டியில்லா’ சமாச்சாரம். விலை 100 என்று வையுங்கள். ரொக்கத்துக்கு 92, தவணைக்குக் கட்டணத்தோடு 102. பத்து ரூபாய் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் கடன் மாதாமாதம் குறைவதால், ஆண்டு முழுவதும் சராசரியாக உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய 50 ரூபாய்தான். 50-க்கு 10 என்றால் ஆண்டுக்கு 20 சதவீதம். பெயரை மாற்றிவிட்டால் வட்டி இல்லாமல் போய்விடுமா?

இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் வைப்பது. அதில் பக்கத்துப் பற்களை ராவ வேண்டியதில்லை. அது உண்மையான சாதகம். எலும்பு போதுமா, அது பிடிக்கும்வரை சில மாதங்கள் பொறுக்க முடியுமா என்பதெல்லாம் டாக்டரிடம் பேசித் தீர்மானிக்க வேண்டியவை. தவணை கிடைக்கிறதே என்பதற்காக அங்கே தாவ வேண்டாம். நன்றாகப் பராமரித்தால் பிரிட்ஜ் 10 ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். ஒரு மாதச் சம்பளத்தை 120 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் சம்பளத்தில் 1 சதவீதம்கூட வராது. கேப்பின் விளிம்பில் சொத்தை விழுந்தால் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும். பொய்ப்பல்லுக்கு அடியில் நூல் விட்டுச் சுத்தம் செய்யச் சோம்பல்படாதீர்கள்.

செய்ய வேண்டியது: சம்பளம் வந்த அன்றே ஐந்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள், ஐந்து மாதத்தில் வேலை முடியும். அதுவரை பல் இன்னும் நகராமலிருக்க, கழற்றி மாட்டும் பல் உதவுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், செலவு குறைவு. அவர் காத்திருக்கக் கூடாது என்றால், தவணைக்குப் பதிலாக அளவெடுக்கும்போது பாதி, பொருத்தும்போது மீதி என்று பேசிப் பாருங்கள்.

தம்பிக்கு முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்ல உங்களால் முடியாது. இரண்டு முறை பார்த்தாயிற்று. மதிப்பீடு கைக்கு வந்ததும், சேர்ந்தவரை கிளினிக்கில் முன்பணமாகக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். அடுத்த முறை அவர் கேட்கும்போது, “பல்லுக்குக் கட்டியாகிவிட்டது” என்று பொய்யில்லாமலே சொல்லலாம்.