பதில்: வாவியில் எடுத்த உடலில் கறுப்புத் திட்டு, அடியா அழுகலா?

சகோதரம், நாலு நாள் கழித்து மட்டக்களப்பு வாவியில் எடுத்த மாமாவின் முதுகில் கறுப்புத் திட்டு, உதடும் காதும் இல்லை, அடித்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீங்கள். இந்த இரண்டை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல ஏலாது.

உதடு, இமை, காது எல்லாம் நண்டும் மீனும் முதலில் தின்னும் இடங்கள். ஓரம் அரித்தாற்போல நெளிந்திருக்கும், உள்ளே இரத்தக் கசிவு இராது.

முதுகுத் திட்டுத்தான் சிக்கல். புது உடல் என்றால் வெட்டிக் கழுவினால், செத்த பிறகு கீழ்ப்பக்கம் தேங்கின இரத்தம் போய்விடும், அடிபட்ட கண்டல் இரத்தம் தசையில் ஊறி நிற்கும். அழுகின உடலில் சிவப்பணு உடைந்து சாயம் எங்கும் பரவியிருக்கும். வெறுங்கண்ணால் பிரிப்பது நம்பக்கூடியதல்ல. தசைத் துண்டுக்குச் சாதாரண சாயமேற்றி நுண்நோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலும் பிடிபடாது. சிவப்பணுவின் சவ்வில் உள்ள கிளைக்கோபோரின் ஏ என்ற புரதத்தைத் தேடும் சோதனை ஓரளவு கைகொடுக்கும்.

அழுகின உடலில் என்பில் (எலும்பில்) உள்ள காயத்தைத்தான் கூடுதலாக நம்பலாம். சட்ட வைத்திய அதிகாரியிடம் கேளுங்கள்: வெட்ட முன் முழு உடல் எக்ஸ்றே எடுத்தார்களா? மண்டையையும் நெஞ்சையும் திறந்து இரத்தம் வடிந்த பிறகுதான் கழுத்தைப் படைபடையாகப் பிரித்தார்களா? மாறிச் செய்தால் கழுத்துத் தசையில் இரத்தம் கசிந்து, நெரித்தது போலவே காட்டும்.

உடலை எரிக்காதீங்கள், அடக்கம் செய்யுங்கள். பிறகும் சந்தேகம் இருந்தால் சட்டத்தரணி மூலம் நீதவானிடம் தோண்டியெடுத்து மறுபரிசோதனை கேட்கலாம். சவர்க்காரத் தூள் கலந்த இளஞ்சூட்டு நீரில் என்பை ஊறவைத்துத் தசையைக் கழற்றினால் கத்திக் கீறல்கூடத் தெரியும்.