பாலாற்றுப் பக்கத்துச் சமணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் சேவித்துவிட்டு, ஆட்டோக்காரர் சொன்னதால் திருப்பருத்திக்குன்றத்துக்கும் போனோம். சமணக் கோயில். மண்டபத்து விதானம் முழுக்க ஓவியங்கள். 1387இல் கட்டியது என்றார்கள். அப்பர், சம்பந்தர் காலத்தோடு இங்கே சமணம் ஒழிந்துபோனது என்றுதானே படித்திருக்கிறோம்? அப்படியானால் இதைக் கட்டியது யார்? அந்தப் பக்கம் வேறு என்ன பார்க்கலாம்?

– ஒரு வாசகர், வேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

1387இல் அந்த மண்டபத்தைக் கட்டியவர் இருகப்பர். விஜயநகரத்துத் தண்டநாயகர், அதாவது படைத்தலைவர், அவரே சமணர். கோயில் அதைவிடப் பழையது. 7ஆம் நூற்றாண்டில் சமணத்தின் கையைவிட்டுப் போனது அரண்மனைதான், ஊர்கள் அல்ல. ஆரணி, வந்தவாசி பக்கம் நயினார் வீடு, அதாவது தமிழ்ச் சமணர் வீடு, என்று கேட்டால் இன்றும் வழி காட்டுவார்கள். சண்டையே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, தேவாரத்திலேயே இருக்கிறது. அதோடு கதையை முடித்துவிடுவதுதான் சிக்கல்.

அந்த விதானத்தில் கண்ணனைப் பார்த்தீர்களா? சமண மரபில் தீர்த்தங்கரரான நேமிநாதர் கண்ணனின் பெரியப்பா மகன். அதனால் கண்ணன் கதையும் அங்கே வரையப்பட்டிருக்கிறது. வரதரைச் சேவித்துவிட்டு வந்தவர் இதைத் தவறவிட்டிருந்தால் இன்னொரு முறை போகலாம், தப்பில்லை.

அடுத்து போளூர் பக்கத்துத் திருமலை. அங்கே குந்தவையின் பெயரிலேயே ஒரு ஜினாலயம் உண்டு. ராஜேந்திரனின் படை கங்கை வரை போனதைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டு இந்த மலைப் பாறையில்தான் இருக்கிறது. வென்ற நாடுகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். கடைசியில் பார்த்தால், ஒரு வணிகரின் மனைவி சாமுண்டப்பை இந்தச் சமணக் கோயிலில் விளக்கெரியக் காசு கொடுத்த செய்தி! அதை எழுதத்தான் அவ்வளவு பீடிகை.

எனக்கு அதைவிடப் பிடித்தது ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இன்னொரு கல்வெட்டு. பாட்டாகவே இருக்கிறது. குணவீர மாமுனிவர் ஒரு கலிங்கு கட்டி, 'இருமருங்கும் நெல்விளைய'க் கண்டார் என்கிறது. துறவிக்குக் கலிங்கு எதற்கு? மிஞ்சிய தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால் ஏரிக்கரை உடைந்துவிடும். அப்புறம் ஊருக்கு ஏது நெல், துறவிகள் தங்கும் பள்ளிக்கு யார் படியளப்பது? சம்சாரிக்கு எந்தச் சாமியார் வேண்டியவர் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

சமணத் தலம் இல்லை என்றாலும் இன்னோர் இடமும் பார்க்கலாம். வேகவதி, செய்யாறு, பாலாறு மூன்றும் சேரும் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கோயில் நடத்திய ஆதுலர்சாலையில், அதாவது மருத்துவமனையில், 15 படுக்கை என்பதில் தொடங்கி, வைத்தியர் யார், தசமூல ஹரீதகி உட்பட என்னென்ன மருந்து இருப்பில் வைக்க வேண்டும் என்பது வரை கணக்கு. நீங்கள் போய்வந்த திருப்பருத்திக்குன்றத்தை ஒட்டி ஓடும் வேகவதிதான் இங்கே வந்து சேர்கிறது.

வேலூரிலிருந்து திருமலைதான் கிட்டே. அதை முதலில் முடித்துவிடுங்கள். காலையிலேயே கிளம்புவது நல்லது, வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது.