இரண்டு சொட்டுகளுக்கு நடுவே – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 43 வயது. ஈரோட்டுக்கு அருகே ஒரு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். கணவர், இரு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பம். காலை நாலரைக்கு எழுந்தால் இரவு பத்தரை வரை வேலை ஓயாது. வீட்டுக் கடன் தீர்ந்துவிட்டது. யாருக்கும் நோய்நொடி இல்லை. சென்ற மாதம் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது, பிளஸ் ஒன் படிக்கும் மகள், "அம்மா, நீ சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. "போய்ப் படி" என்று அனுப்பிவிட்டேன். தோழி ஒருத்தி பத்து நாள் தியான முகாமுக்கு அழைக்கிறாள். என்னை நான் அறிந்துகொள்ள அதுதான் வழியா? வீட்டில் இருந்துகொண்டே முடியாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முகாமுக்குப் போக விருப்பமிருந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் பதினோராவது நாள் காலை அதே அடுப்பின் முன்தான் வந்து நிற்கப் போகிறீர்கள் என்பதால், அந்த அடுக்களையைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நாலரை முதல் பத்தரை வரை என்பது 18 மணி நேரம். உடல் அசதிக்குத் தியானம் மருந்தாகாது. கணவரும் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலைகளைக் கூச்சப்படாமல் அவர்களிடம் ஒப்படையுங்கள். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதும் அவசியம்.

2010இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு உளவியலாளர்கள் 2,250 பேரிடம், நாளின் எதிர்பாராத வேளைகளில் கைப்பேசி வழியே கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? ஏறக்குறைய நூற்றுக்கு 47 முறை மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்த வேளைகளில் அவர்களின் மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. இனிய நினைவில் திளைத்தவர்கள்கூடக் கையிலிருந்த வேலையில் ஒன்றியிருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. என் வீட்டிலேயே அதைக் கண்டிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் ஆறு வாரங்களுக்கு இருவகைச் சொட்டு மருந்து விட வேண்டியிருந்தது. ஒன்றை விட்டு ஐந்து நிமிடம் கழித்தே அடுத்ததை விட வேண்டும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று செவிலியர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஐந்து நிமிடமும் நான் கைப்பேசியோடு திண்ணைக்குப் போய்விடுவேன். ஒருநாள் அதில் சார்ஜ் இல்லாததால் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூடிய இமையின் ஓரத்தில் மருந்து கசிந்து காதுப் பக்கமாக வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கையை உயர்த்தியவர், கண்ணைத் தொடாதீர்கள் என்று முந்தைய நாள் நான் அதட்டியது நினைவுக்கு வந்ததோ என்னவோ, பாதியிலேயே கையை இறக்கி மார்பின்மேல் வைத்துக்கொண்டார்.

என் தந்தை எனக்குப் பயப்படுகிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்காக மருத்துவமனைக்கு எத்தனையோ முறை அலைந்திருக்கிறேன், பணம் கட்டியிருக்கிறேன், அன்பில் குறை வைக்கவில்லை என்றே நம்பியிருந்தேன். ஆனால் அத்தனை நாளும் அவர் கண்ணைப் பார்த்தேனே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. பஞ்சால் துடைத்துவிட்டேன். "வேலை இருந்தா போய்ப் பாருப்பா" என்றார், கண்ணைத் திறக்காமலேயே. போகவில்லை. மறுநாளிலிருந்து அந்த ஐந்து நிமிடங்களில், ஊரில் கிணறு வெட்டியபோது பாறை குறுக்கிட்ட கதையைத் தவணை தவணையாகச் சொன்னார். மருந்து முடிந்த அன்று எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

என்னை நான் அறிந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய தருணங்களில் அதுவும் ஒன்று. கண்ணை மூடி எனக்குள் தேடியிருந்தால், என் குரலில் ஏறியிருந்த கடுமையை நான் கண்டிருக்கவே மாட்டேன். அது அவருடைய கையில்தான் தெரிந்தது.

1896இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷி, 'நான் யார்?' என்ற கேள்வியையே தம்மிடம் வந்தவர்களுக்கு வழியாகக் காட்டினார். அவரே பல ஆண்டுகள், விடியும் முன்பே ஆசிரமத்து அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்கினார். அந்தக் கேள்விக்கு அடுக்களை இடைஞ்சல் என்று அவர் கருதியதாகத் தெரியவில்லை. எனக்கு இது பெரிய ஆறுதல்.

நாள் முழுவதும் விழிப்போடு இருக்க முயல வேண்டாம்; அதுவும் ஒரு சுமையாகிவிடும். அன்றாடம் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாமியாருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கலாம். அவர் டம்ளரை வாங்கும் வரை மனத்தை அடுத்த வேலைக்கு ஓடவிடாதீர்கள். எரிச்சல் வந்தால் எரிச்சல் வருகிறது என்பதையும் பாருங்கள். உடனே அதை அன்பாக மாற்றிவிட வேண்டியதில்லை.

மகளின் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. "போய்ப் படி" என்றதும் அவள் முகம் எப்படி இருந்தது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அடுத்த முறை மாவு ஊற்றும்போது அவளை அருகே கூப்பிட்டு, அன்று பதில் வரவில்லை என்பதை அப்படியே சொல்லிப் பாருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.