30,000 ரூபாயில் சிஜி (கம்ப்யூட்டரில் உருவாக்கிச் சேர்க்கும் காட்சி) வைத்து ஆக்‌ஷன் குறும்படம் எடுக்க முடியுமா? எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

முடியும். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து 2 நாள் ஷூட்டிங்கில் 18,000 ரூபாய்க்கு ஒரு 6 நிமிடப் படம் எடுத்தோம். ஒரு துப்பாக்கிச் சண்டை, ஒரு கைகலப்பு, கடைசியில் ஒரு வெடிப்பு. பணத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கும் லைட் வாடகைக்கும் போனது. சாஃப்ட்வேருக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை, உங்களுக்கும் ஆகாது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே எடிட்டிங், கலர், ஒலி மூன்றும் இருக்கின்றன. சிஜி ஒட்டுவதற்கான ஃப்யூஷனும் 2018-இல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே வந்துவிட்டது. முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர், அதுவும் முழுக்க இலவசம். எனவே சாஃப்ட்வேர் கேள்வியை இத்துடன் விட்டுவிடலாம்.

நான் சொல்ல வேண்டியது வேறு. சிஜி என்பது ஷூட்டிங் முடிந்தபிறகு தொடங்கும் வேலை என்று நாங்களும் முதலில் நினைத்தோம். அப்படி இல்லை. அதில் முக்கால்வாசி ஸ்பாட்டிலேயே நடந்துவிட வேண்டும்.

ஒரே ஒரு ஷாட்டை வைத்துச் சொல்கிறேன். சாயங்கால இருட்டு, பழைய செங்கல் சூளை. வில்லன் சுவரோரமாக நின்று சுடுகிறான். இரண்டு விநாடி ஷாட். கையில் இருப்பது பிளாஸ்டிக் பொம்மைத் துப்பாக்கி. முதல் தடவை ஷாட்டைச் சும்மா எடுத்துவந்து, குழல் முனையில் நெருப்புப் படத்தை மூன்று ஃபிரேமுக்கு (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃபிரேம்) ஒட்டினேன். டார்ச் அடித்த மாதிரி இருந்தது. நிஜத் துப்பாக்கியில் அந்த நெருப்பு கண் சிமிட்டும் நேரம்கூட நிற்காது. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரே ஒரு ஃபிரேம் போதும், அடுத்த ஃபிரேமில் மெல்லிய புகை மட்டும் இருக்க வேண்டும்.

ஃபிரேமைக் குறைத்தும் சரியாகவில்லை. நெருப்பு எரிகிறது, பக்கத்தில் இருக்கும் முகமும் சுவரும் இருட்டாகவே இருக்கின்றன. அந்த வெளிச்சம் ஸ்பாட்டில் விழ வேண்டும். ஸ்டில் கேமரா ஃபிளாஷை அடித்துப் பார்த்தோம். பாதித் திரை வெள்ளை, பாதித் திரை இருட்டு. நம் போனிலும் சாதாரண கேமராவிலும் சென்சார் படத்தை வரிவரியாகத்தான் படிக்கிறது. அது படித்து முடிப்பதற்குள் ஃபிளாஷ் அணைந்துவிடுகிறது. அப்புறம் ஒரு சின்ன எல்இடி லைட்டை நண்பன் ஃபிரேமுக்கு வெளியே குழல் பக்கம் பிடித்துக்கொண்டு சட்டென்று போட்டு அணைத்தான். நான்கு ஃபிரேம் எரிந்தது. எடிட்டிங்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றை வெட்டினேன். வெட்டிய இடத்தில் கை லேசாக எகிறியது. துப்பாக்கி உதைத்த மாதிரியே இருந்தது!

பொம்மைக்கு உதைப்பு கிடையாது என்பதால் நடிகர்தான் மணிக்கட்டிலும் தோளிலும் அதைக் கொடுக்க வேண்டும். எங்கள் நடிகர் வீட்டில் ஒரு கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்து, யாராவது அடியில் தட்ட, அந்த அசைவைப் பழகிக்கொண்டு வந்தார். குண்டு சுவரில் பட்டுத் தெறிக்கும் தூசுக்கு, செங்கல் பொடியைக் குழாயில் போட்டு ஓரத்திலிருந்து ஊதினோம். பக்கத்தில் யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டோம், கண்ணில் விழுந்தால் ஆபத்து. இத்தனையும் ஸ்பாட்டில் முடிந்தபிறகு கம்ப்யூட்டரில் மிச்சம் இருந்தது ஒரு ஃபிரேம் நெருப்புதான்.

மீதி நம்பகத்தன்மை சத்தத்தில் இருக்கிறது. அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் 1992-இல் வெளிவந்த ‘எல் மரியாச்சி’யைச் சுமார் 7,000 டாலரில் 16 எம்எம் ஃபிலிமில், மெக்சிகோவின் அகூன்யா நகரில் எடுத்தார். அங்கே கிடைத்த துப்பாக்கிகள் ஒரு வெற்றுத்தோட்டா (குண்டு இல்லாத தோட்டா) வெடித்ததுமே சிக்கிக்கொண்டன. அந்த ஒரே வெடிப்பை வெவ்வேறு கோணங்களில் எடுத்து ஒட்டி, மேலே இயந்திரத் துப்பாக்கிச் சத்தத்தைச் சேர்த்தார். நமக்கு அடுக்கடுக்காகச் சுடுகிற மாதிரிதான் தெரிகிறது. உங்களிடம் ஒரு நாள் மிச்சம் இருந்தால் அதைச் சத்தத்துக்கே கொடுங்கள்.

தீப்பொறிக்கு எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. கார்த்திகைக்கு ஊரில் மாவளி சுற்றுவார்கள் இல்லையா, பனம்பூக் கரியிலிருந்து பொறி பொறியாகக் கொட்டும். நல்ல இருட்டில், ஷட்டர் வேகத்தைக் கூட்டி, அதைப் பல கோணங்களில் எடுத்து வைத்திருக்கிறோம். புகைக்கு, கறுப்புத் துணியின் முன்னால் சாம்பிராணி போட்டு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் லைட் அடித்து எடுத்தோம். ஃப்யூஷனில் ‘ஸ்க்ரீன்’ மோடில் போட்டால் கறுப்பு மறைந்து பொறியும் புகையும் மட்டும் காட்சிமேல் நிற்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பொறியைவிட எனக்கு இந்த மாவளிப் பொறிதான் பிடிக்கும். மற்ற எந்தப் படத்திலும் இது இருக்காது.

வெடிப்பை நாங்கள் ஒரு விநாடிதான் காட்டினோம், அதுவும் சுவருக்குப் பின்னால். ஹீரோ நெருப்புக்கு முன்னால் நடந்து வந்தால் அவரை ஒவ்வொரு ஃபிரேமிலும் கத்தரித்து எடுக்க வேண்டும். 4 விநாடி என்றால் 96 ஃபிரேம். ஒருமுறை அதைச் செய்து இரண்டு ராத்திரி போயிற்று, தலைமுடி ஓரம் கடைசிவரை சரியாக வரவில்லை. அதனால் இந்த முறை அவர் முகத்தை குளோசப்பில் வைத்து, ஆரஞ்சு ஜெலட்டின் தாள் ஒட்டிய லைட்டை, நெருப்பு வெளிச்சம் ஆடுகிற மாதிரி, தெர்மாகோல் அட்டையால் மறைத்து மறைத்து எடுத்தோம். சட்டை படபடக்க ஒரு பெடஸ்டல் ஃபேன். பெட்ரோலைத் தொடவே தொடாதீர்கள்.

கைகலப்புக்கு நல்ல கோணம் கிடைத்தால் சிஜியே வேண்டாம். அடிப்பவர், வாங்குபவர், கேமரா மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தால் ஒரு முழம் தள்ளிப் போகும் குத்துகூட முகத்தில் பட்ட மாதிரி தெரியும். வாங்குபவரின் தலை சரியான நொடியில் திரும்ப வேண்டும், அதற்குத்தான் ரிகர்சல்.

கேமராவில் இரண்டு விஷயம். ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் பூட்டிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், போன் தானாக 1/60-க்குப் போனால் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் மினுக்கும், அதைப் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு. அடுத்து, சிஜி ஷாட்டை ஸ்டாண்டில் வைத்து 4கே-யில் எடுங்கள். படத்தை ஃபுல் எச்டி-யில் முடித்தால், ஓரத்தில் மிஞ்சும் இடத்தை வைத்து கேமரா ஆட்டத்தை எடிட்டிங்கில் சேர்க்கலாம். கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றும் முன் அதே ஃபிரேமை ஆள் இல்லாமல் 10 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள், எதையாவது அழிக்க வேண்டி வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று மறக்கவே கூடாது. பொம்மைத் துப்பாக்கியோடு பொது இடத்தில் நிற்பதற்கு முன் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்துச் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் போனோம். தூரத்திலிருந்து பார்த்த யாரோ பயந்து போன் செய்துவிட்டார்கள், பயப்படத்தானே செய்வார்கள். விளக்கம் சொல்லிவிட்டு வரும்போது இருட்டிவிட்டது, அன்றைய ஷூட்டிங் போச்சு.

சரி, இப்போது உங்கள் கதையில் சிஜி தேவைப்படும் ஷாட்டுகளை எண்ணுங்கள். பத்துக்கு மேல் போனால் முதல் படத்துக்கு அதிகம். அதில் ரொம்பக் கஷ்டமான ஒன்றை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் போனிலேயே எடுத்து முடித்துப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.