வார்மின்ட் ரைபிள் என்றால் என்ன? குறைந்த விலையில் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் தரை அணில், கொயோட்டி (நரி போன்ற ஒரு காட்டு விலங்கு) போன்று பயிரையும் கோழிகளையும் அழிக்கும் விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடப் பயன்படும் துப்பாக்கியே வார்மின்ட் ரைபிள். இதில் வேகமே முதன்மையானது: .223 ரெமிங்டன் தோட்டாவின் குண்டு சுமார் 3.6 கிராம்தான், ஆயினும் வினாடிக்கு ஏறத்தாழ 980 மீட்டர் வேகத்தில் கிளம்புவதால், புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கக் கிடைக்கும் நேரம் குறைந்து, மாங்காயை நோக்கி விசையாக எறிந்த கல்லைப் போல அது அதிகம் தாழாமல் செல்கிறது. விலை குறைந்த, ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியே போதும் என்பேன். அதன் எளிய அமைப்பு குறைந்த செலவிலேயே துல்லியம் தருவதால், மிச்சப் பணத்தை நல்ல ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பயிற்சித் தோட்டாக்களுக்கும் ஒதுக்கலாம்.

ஆனால் நம் நாட்டில், துப்பாக்கி உரிமம் இருந்தாலே ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் புகும் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று எண்ணுவது தவறு: ஆயுத உரிமம் வேட்டை அனுமதி ஆகாது, உரிய அனுமதியின்றிச் சுடுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.