புனேயிலிருந்து வரப்போகும் மகளுக்காக 401(கே)-வில் கை வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். நானும் கணவரும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டோம், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையும் இருக்கிறது. மகனுக்கு ஏழு வயது. இந்தியாவிலிருந்து சிறப்புத் தேவை உள்ள ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடிவு செய்து, ஹோம் ஸ்டடி (வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து எழுதும் அறிக்கை), ஐ-800ஏ (வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க அமெரிக்க அரசின் ஒப்புதல்) எல்லாம் முடிந்தது. போன வாரம் புனேயில் ஒரு காப்பகத்தில் இருக்கும் மூன்றரை வயதுப் பெண் குழந்தையின் கோப்பை ஏஜென்சி அனுப்பியது. செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால் தசை இயக்கம் சரியாக அமையாத நிலை). பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நடக்கவில்லை. நாங்கள் மனதளவில் சரி என்றுவிட்டோம்.

மொத்தச் செலவு 38,000 டாலர். அதில் 9,000 கட்டியாகிவிட்டது. மீதி 29,000 டாலரை அடுத்த எட்டு, பத்து மாதங்களில் பல தவணைகளாகக் கட்டவேண்டும். கையில் சேமிப்பு 42,000. என் 401(கே)-வில், அதாவது வேலையிடத்து ஓய்வுக்காலச் சேமிப்பில், 90,000 இருக்கிறது, அதிலிருந்து கடன் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். கணவர் சம்பளம் ஆண்டுக்கு 1,15,000, கைக்கு மாதம் 6,800. எனக்கு 78,000, கைக்கு 4,500. மாதச் செலவு, வீட்டுக் கடன் உட்பட, 7,400. அவள் வந்ததும் நான் வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சிறப்புத் தேவை குழந்தை என்றால் ரசீதே இல்லாமல் வரிச் சலுகை முழுசாகக் கிடைக்கும் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். உண்மையா? கோயம்புத்தூரில் இருக்கும் என் மாமியார், தன் வீட்டைப் பேத்தி பெயருக்கே எழுதிவைக்கிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வாழ்த்துகள். கோப்பு வந்த வாரத்திலேயே பணத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் அந்தக் குழந்தைக்குச் செய்கிற நல்லதுதான்.

கோயிலில் கேட்ட விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதை நம்பி ரசீதுகளைத் தூக்கிப்போட்ட குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்க வரிச் சட்டத்தில் ‘சிறப்புத் தேவை’ என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு. அமெரிக்கக் குடிமகனாகவோ இங்கே வசிப்பவராகவோ இருக்கும் குழந்தையை, உதவித்தொகை இல்லாமல் தத்துக்கொடுப்பது கடினம் என்று ஒரு மாநில அரசு தீர்மானித்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். புனேயில் இருக்கும் குழந்தைக்கு எவ்வளவு பெரிய உடல் சிரமம் இருந்தாலும் வரித்துறையின் கணக்கில் அவள் ‘சிறப்புத் தேவை’ குழந்தை இல்லை. ஆகவே செலவே செய்யாமல் முழுச் சலுகை என்பது உங்களுக்குக் கிடையாது. உண்மையில் செய்த செலவுக்குத்தான் கிடைக்கும். மாநில அரசு மாதாமாதம் தரும் தத்தெடுப்பு உதவித்தொகையும் பொதுவாக இங்குள்ள ஃபாஸ்டர் (அரசுப் பராமரிப்பு) அமைப்பிலிருந்து வரும் குழந்தைகளுக்கு மட்டும்தான். அதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆனால் உங்களுக்குச் செலவு இருக்கிறதே! 2025-ஆம் ஆண்டுக்கான அடாப்ஷன் டாக்ஸ் கிரெடிட் (தத்தெடுப்புக்கான வரிச் சலுகை) ஒரு குழந்தைக்கு 17,280 டாலர் வரை. விலைவாசிக்கு ஏற்ப ஒவ்வோர் ஆண்டும் இது மாறும். 2025-இல் 2,59,190 டாலர் வருமானம் வரை முழுச் சலுகை உண்டு என்பதால் உங்கள் இருவர் சம்பளத்துக்கும் தடை இல்லை. ஏஜென்சி கட்டணம், வக்கீல் கட்டணம், விமான டிக்கெட், புனேயிலும் டில்லியிலும் தங்கும் செலவு, சாப்பாடு எல்லாம் சேரும். ஹோம் ஸ்டடிக்குக் கட்டியதும் சேரும். குழந்தையின் மருத்துவச் செலவு சேராது. ஒரு உறை எடுத்து இன்றிலிருந்து எல்லா ரசீதையும் போட்டுவாருங்கள், ஆட்டோவில் போன ஐம்பது ரூபாயைத் தவிர.

இதில் இரண்டு நுணுக்கம். வெளிநாட்டுத் தத்தெடுப்பில், தத்து சட்டப்படி முடிந்த ஆண்டில்தான் கிரெடிட் கேட்கமுடியும். முந்தைய ஆண்டுகளில் செய்த செலவும் அந்த ஆண்டுக் கணக்கில்தான் வரும். அதற்கான படிவம் 8839. ஆகவே இந்தப் பணம் தவணை கட்ட உதவாது, எல்லாம் முடிந்து அடுத்த ஆண்டு வரித்தாக்கலில்தான் கைக்கு வரும். இரண்டாவது, 2025-இலிருந்து இதில் 5,000 டாலர் வரை நீங்கள் வரியே கட்டவேண்டியிராவிட்டாலும் ரொக்கமாகத் திரும்ப வரும். மீதி, உங்கள் வரியிலிருந்து கழியும், கழியாததை ஐந்து ஆண்டு வரை கொண்டுபோகலாம். இரண்டு சம்பளம் இருக்கும் ஆண்டில் தத்து முடிந்தால் பெரும்பாலும் ஒரே ஆண்டில் தீர்ந்துவிடும். நீங்கள் வேலையை விட்டபிறகு முடிந்தால் இரண்டு, மூன்று ஆண்டு இழுக்கும். நஷ்டம் இல்லை, ஆனால் அந்தப் பணத்தை எதிர்பார்த்து எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, இருவரும் ஹெச்.ஆரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: தத்தெடுப்புக்கு நிறுவனம் ஏதாவது தருகிறதா? பல நிறுவனங்கள் தருகின்றன, யாரும் கேட்பதில்லை. வந்தால் அதுவும் கிரெடிட்டுக்கான அதே வரம்பு வரை வருமான வரிக்கு உட்படாது. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் மட்டும் பிடிப்பார்கள். ஒரே ரசீதை இரண்டு இடத்திலும் காட்டமுடியாது, அவ்வளவுதான்.

இப்போது 401(கே) கடன். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். பொதுவாக நான் அந்தக் கடனுக்கு எதிரி இல்லை. உங்கள் விஷயத்தில், நீங்கள் கடன் வாங்கப்போவது எந்த வேலையின் கணக்கிலிருந்தோ அந்த வேலையைத்தான் விடப்போகிறீர்கள். வேலையை விட்டால் மீதிக் கடனை அந்த ஆண்டின் வரித்தாக்கல் கெடுவுக்குள் கட்டவேண்டும். கட்டமுடியாவிட்டால் எடுத்த பணமாகக் கணக்கிட்டு வருமான வரியும், அதற்கு மேல் 10 சதவீத அபராதமும் போடுவார்கள். ஒரு சம்பளம் நின்ற நேரத்தில், குழந்தை புதிதாக வந்திருக்கும் நேரத்தில், அந்த பில் வரும். அவசரத்துக்கு வேறு வழி இருக்கிறது: தத்து முடிந்த ஓராண்டுக்குள் ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து ஆளுக்கு 5,000 டாலர் வரை அபராதமில்லாமல் எடுக்கலாம், மூன்று ஆண்டுக்குள் திருப்பி வைக்கலாம். வருமான வரி உண்டு. இதையும் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்ளுங்கள்.

42,000 சேமிப்பையும் தொடாதீர்கள் என்பேன். காரணம் சொல்கிறேன்.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் மேசையில் அவர்கள் மகளின் பழைய கால் தாங்கிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் தாங்கி, ஏஎஃப்ஓ என்பார்கள். நான்கு ஜோடி. முதல் ஜோடி என் உள்ளங்கைக்குள் அடங்கியது, பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் பாதி உரிந்து, வெல்க்ரோ பட்டையில் நூல் பிரிந்திருந்தது. குழந்தை வளர வளரத் தாங்கியும் மாறும், கிட்டத்தட்ட ஆண்டுக்கு ஒன்று. அதற்கு மேல் போட இரண்டு சைஸ் பெரிய ஷூ. அப்புறம் பிசியோதெரபி, தசை இறுக்கத்துக்கு ஊசி, சில குழந்தைகளுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. பல காப்பீட்டுத் திட்டங்களில் தெரபிக்கு ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு இருக்கும். அந்த அம்மா எனக்குக் காட்டியது விலைப் பட்டியலை அல்ல, தன் மகள் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள் என்பதை. ஆனால் நான் அன்று குறித்துக்கொண்டது, இந்தச் செலவு ஒருநாள் முடிகிற செலவு இல்லை என்பதையும்தான்.

2025-இல் காப்பீட்டு நெட்வொர்க்குக்குள் (திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில்) ஒரு குடும்பம் ஆண்டுக்குத் தன் கையிலிருந்து கட்டவேண்டிய உச்சவரம்பு 18,400 டாலர். உங்கள் திட்டத்தில் குறைவாக இருக்கலாம், பாருங்கள். டிசம்பரில் அறுவை சிகிச்சை, ஜனவரியில் தொடர் சிகிச்சை என்றால் இரண்டு ஆண்டு வரம்பும் அடுத்தடுத்து வரும். 42,000 இருப்பது அதற்குத்தான்.

காப்பீட்டில் கவனமாக இருக்கவேண்டிய ஓர் இடம் உண்டு. தத்தெடுத்த குழந்தையைப் பணியிடக் காப்பீட்டில் சேர்க்க 30 நாள் அவகாசம். ஏற்கெனவே இருக்கும் நோய் என்று மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த 30 நாள் அவள் டல்லாஸில் வந்து இறங்கும் நாளிலிருந்து தொடங்குவதில்லை. தத்து அல்லது தத்துக்காகக் குழந்தை உங்கள் பொறுப்பில் வந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. இந்தியாவில் 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தத்து ஆணையை மாவட்ட ஆட்சியர் தருகிறார். அதன்பிறகு பாஸ்போர்ட், காராவின் (இந்தியாவின் மத்தியத் தத்தெடுப்பு ஆணையம்) சான்றிதழ், டில்லி தூதரகத்தில் விசா என்று வாரக்கணக்கில் ஓடும். அந்த ஓட்டத்தில் கெடு போய்விடும். ஆணை கையில் வந்த அன்றே ஹெச்.ஆருக்கு அனுப்பிவிடுங்கள், ஹோட்டல் அறையிலிருந்தாவது.

மராத்தி மட்டும் கேட்டு வளர்ந்தவள் என்பதையும் மறக்காதீர்கள். வந்ததும் செய்யும் பேச்சு மதிப்பீட்டில், ஆங்கிலம் தெரியாததைப் பேச்சுக் குறைபாடாக எழுதிவிடக்கூடாது. பாட்டி தமிழில் பேசக் காத்திருக்கலாம், முதல் சில வாரம் ‘பாணி’ (தண்ணீர்), ‘பஸ்’ (உட்கார்), ‘யே’ (வா) தெரிந்த ஆள் வீட்டில் இருந்தால் அவளுக்கு நிம்மதி.

வேலையை விடுவதை உடனே முடிவு செய்யவேண்டாம். மூன்று வயது முடிந்த குழந்தைக்குத் தகுதி இருந்தால் அரசுப் பள்ளி இலவசமாகச் சிறப்புக் கல்வி தரவேண்டும் என்பது ஐடியா (IDEA) என்ற அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டம். படிப்புக்குத் தேவையான தெரபியும் அதில் சேரும். இவள் வரும்போது நான்கு வயது ஆகியிருக்கும். உங்கள் நிறுவனத்துக்கு எஃப்எம்எல்ஏ என்ற குடும்ப விடுப்புச் சட்டம் பொருந்துமானால் வேலையை இழக்காமல் 12 வாரம் விடுப்பு எடுக்கலாம், சம்பளம் கிடையாது. அந்த மூன்று மாதம் முடிந்து அவளைப் பார்த்துவிட்டு, பகுதிநேரமா, முழுநேரமா, விடுவதா என்று முடிவெடுங்கள். அதற்கு முன் அவளை அறியாமல் எடுக்கிற முடிவு அது.

டெக்சாஸில் மெடிக்கெய்ட் (அரசு மருத்துவ உதவி) வெய்வர் என்ற சிறப்புத் திட்டங்கள் உண்டு. உடல்நலம் மோசமான குழந்தைகளுக்கான எம்டிசிபி போன்றவற்றில் பெற்றோர் வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம், சில திட்டங்களில் பத்து ஆண்டுக்கு மேல். பெயர் கொடுப்பதற்குக் காசு இல்லை. அவள் வந்த வாரமே எல்லாப் பட்டியலிலும் பெயர் கொடுத்துவிடுங்கள். தகுதி இருக்கிறதா என்று பிறகு பார்த்துக்கொள்வார்கள்.

அத்தையின் வீட்டுக்கு வருவோம். பார்க்காத பேத்திக்கு வீட்டையே எழுதிவைக்கிறேன் என்கிற மனசு பெரிது. ஆனால் அவள் பெயரில் நேரடியாக எழுதக்கூடாது. 18 வயதுக்குப் பிறகு எஸ்எஸ்ஐ என்ற மாத உதவிக்கும், அதோடு வரும் மெடிக்கெய்டுக்கும், தன் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சொத்து இருக்கக்கூடாது என்பது விதி. கோவையில் இருக்கும் வீடு அவளுக்கு அந்த உதவியை இல்லாமல் ஆக்கலாம். அத்தை உங்கள் கணவர் பெயருக்கு எழுதட்டும். பிறகு விற்றால் என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வசிப்போர் இந்திய வருமானத்துக்கு வைக்கும் வங்கிக் கணக்கு) வழியாக நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை இங்கே கொண்டுவரலாம். அந்தப் பணத்தை அவளுக்கான ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்டில் (அவள் சொத்தாகக் கணக்கிடப்படாத அறக்கட்டளையில்) போடுங்கள். டிரஸ்ட் எழுதச் சில ஆயிரம் டாலர் ஆகும், இந்தத் துறை தெரிந்த வக்கீலிடமே போங்கள். உங்கள் ஆயுள் காப்பீட்டுக்கும் 401(கே)-வுக்கும் நாமினியாக அவள் பெயரைப் போடாமல் அந்த டிரஸ்டைப் போடுங்கள். அத்தையிடம் இதை எடுத்துச் சொல்லும்போது, “பேத்திக்குத்தான் போகுது, பத்திரமாகப் போகுது” என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். சிறிய தொகைகளுக்கு ஏபிள் கணக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான சேமிப்புக் கணக்கு) போதும், 2025-இல் ஆண்டுக்கு 19,000 டாலர் வரை போடலாம். அதில் சேரும் ஒரு லட்சம் டாலர் வரை எஸ்எஸ்ஐ-க்கான சொத்தாகக் கணக்கிடமாட்டார்கள்.

நிதி திரட்டும் தளத்தில் அவள் படத்தையும் மருத்துவக் குறிப்பையும் போட்டு உதவி கேட்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். பதினைந்து வயதில் அவளே அதைத் தேடிப் படிப்பாள்.

ஏஜென்சியிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவையுங்கள். காரா விதிப்படி இந்தியாவில் கட்டும் 5,000 டாலர் இந்த 29,000-இல் சேர்ந்ததா? இரண்டு ஆண்டுகளில் ஆறு பின்தொடர் அறிக்கைகள் எழுதவேண்டும், முதல் ஆண்டில் காலாண்டுக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டில் அரையாண்டுக்கு ஒன்று. அதற்குத் தனிக் கட்டணமா? அப்புறம், கோப்பில் உள்ள மருத்துவ அறிக்கையை வெளிநாட்டுத் தத்துக் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதற்கு ஆகும் சில நூறு டாலரை மிச்சம் பிடிக்காதீர்கள். மனம் மாறுவதற்காக இல்லை, முதல் ஆண்டில் என்னென்ன வரும் என்று தெரிந்துகொள்ள.

சரி, 29,000 எங்கிருந்து வரும்? அடுத்த சம்பளத்திலிருந்து உங்கள் 4,500-ஐ அப்படியே தனிக் கணக்கில் போடுங்கள். கணவரின் 6,800-இல் குடும்பம் நடத்துங்கள். இப்போதைய செலவிலிருந்து மாதம் 600 டாலர் குறைக்கவேண்டும், எதைக் குறைப்பது என்று நீங்கள் இருவரும்தான் உட்கார்ந்து பேசமுடியும். எட்டு மாதத்தில் 36,000 சேரும். தவணைகள் கட்டியபிறகும் 7,000 மிஞ்சும், முதல் தாங்கிக்கும் நடைவண்டிக்கும். நீங்கள் வேலையை விட்டால் வீடு எப்படி ஓடும் என்பதும் அவள் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். மூன்றாம் மாதமே மூச்சு முட்டினால் எனக்கு எழுதுங்கள், கணக்கை மாற்றிப் போடலாம்.